ஸ்டீவன்சன்: மூன்று தங்கம் சரி, யாரை அடித்தார்?

#1 சும்மாபார்ப்பவன்

ஒரு சந்தேகம், திட்டாமல் பதில் சொல்லுங்கள். கியூபாவின் குத்துச்சண்டை வீரர் தியோஃபிலோ ஸ்டீவன்சன் பெயரை எடுத்தாலே இங்கே எல்லோரும் எழுந்து நிற்கிறீர்கள். 1972 மியூனிக், 1976 மாண்ட்ரியல், 1980 மாஸ்கோ, மூன்றிலும் ஹெவிவெயிட் தங்கம். அதை யார் மறுத்தார்கள்? ஆனால் அமெச்சூர் ஹெவிவெயிட்டில் அப்போது நல்ல ஆள் எவனும் நிலைத்து நிற்பதில்லை. அமெரிக்கப் பையன் ஒரு ஒலிம்பிக் முடித்ததும் பணத்துக்கு ஆடும் புரொஃபஷனலுக்குப் போய்விடுவான். இவர் மட்டும் அதே இடத்தில் நின்றுகொண்டு வருகிறவன் போகிறவனை எல்லாம் அடித்துக்கொண்டிருந்தார். மாஸ்கோவுக்கு அமெரிக்கா வரவே இல்லை. மியூனிக் ஃபைனலில் எதிராளியே ரிங்குக்கு வரவில்லை. யாரை அடித்தார் என்று கணக்குப் போட்டால் என்ன மிஞ்சும்?

#2 நீலமூலை

பாபிக் மிஞ்சுவார். அங்கிருந்து தொடங்குவோம்.

1971-இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த பான் அமெரிக்கன் போட்டியில் அமெரிக்காவின் டுவேன் பாபிக் ஸ்டீவன்சனைத் தோற்கடித்தார். ஸ்டீவன்சனுக்கு வெண்கலம்தான். அடுத்த வருடம் மியூனிக் காலிறுதியில் அதே இருவர். தங்கம் பாபிக்குக்குத்தான் என்று பலரும் எழுதிவைத்திருந்த நேரம். முதல் ரவுண்டு ஸ்டீவன்சனுக்குப் போனது, இரண்டாவது பாபிக்குக்கு. மூன்றாவதில் பாபிக் மூன்று முறை தரையில் விழுந்தார், ரெஃப்ரி நிறுத்திவிட்டார். ஸ்டீவன்சனுக்கு அப்போது வயது 20.

அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியின் பீட்டர் ஹுசிங், சொந்த நாட்டுக் கூட்டத்தின் முன்னால். அவர் இரண்டாவது ரவுண்டைத் தாண்டவில்லை. ஃபைனலில் ருமேனியாவின் இயோன் அலெக்ஸே கையில் காயம் என்று வரவில்லை, உண்மைதான். அதற்கு ஸ்டீவன்சன் என்ன செய்வார்? அந்த ஒலிம்பிக்கில் சிறந்த பாணிக்கான வால் பார்க்கர் கோப்பையும் அவருக்கே போனது.

#3 சும்மாபார்ப்பவன்

அண்ணே, அதே பாபிக்தான் 1977-இல் கென் நார்ட்டனிடம் 58 நொடியில் விழுந்தார். பிறகு அந்தப் பெயருக்கு என்ன மரியாதை?

#4 நீலமூலை

அந்த 58 நொடி வரை புரொஃபஷனலில் அவர் ஒரு சண்டைகூடத் தோற்கவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம் மாண்ட்ரியல் அரையிறுதியில் முதல் ரவுண்டிலேயே நாக் அவுட் ஆன ஜான் டேட் யார்? மூன்று வருடம் கழித்து, 1979-இல், கெர்ரி கோட்ஸீயை வென்று டபிள்யூ.பி.ஏ. என்ற புரொஃபஷனல் அமைப்பின் ஹெவிவெயிட் உலகப் பட்டத்தை எடுத்தவர். அந்த மாண்ட்ரியலில் ஸ்டீவன்சன் முதல் மூன்று எதிராளிகளை முடிக்க எடுத்துக்கொண்ட மொத்த நேரம் 7 நிமிடம் 22 நொடி. மூன்று பேருக்கும் சேர்த்துத்தான்.

#5 மூன்றாவதுரவுண்டு

இந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நானும் கொஞ்ச காலம் அமெச்சூர் ஆடியவன். ஹெவிவெயிட் இல்லை, அந்த உடம்பு எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் டோர்னமென்ட் என்றால் என்ன என்று தெரியும். இங்கே எல்லோரும் புரொஃபஷனல் கண்ணோடு பார்ப்பதுதான் சிக்கல்.

புரொஃபஷனலில் ஒரே ஒரு எதிராளி. அவனுடைய பழைய சண்டைகளைப் பார்த்து, மூன்று மாதம் அவனுக்காகவே பயிற்சி எடுத்து, ஒரு நாள் ஆடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஒலிம்பிக்கில் சீட்டு எடுத்த பிறகுதான் யார் என்றே தெரியும். இன்று அடித்தால் இரண்டு மூன்று நாளில் இன்னொருவன். புருவத்தில் ஒரு வெட்டு விழுந்தால் சண்டையில் ஜெயித்தும் வெளியேற வேண்டியதாகலாம், அடுத்த சண்டைக்கு டாக்டர் விடமாட்டார். கை எலும்பு நொறுங்கினாலும் அதே கதை. அலெக்ஸேயைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஃபைனல் வரை வந்து கை போனவனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியம் நேரம். அன்றைக்கு மூன்று ரவுண்டு, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். முதல் ரவுண்டை விட்டுவிட்டு, ஆளைப் படித்துக்கொண்டு, எட்டாவது ரவுண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. ஒரு ரவுண்டு போனால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. ஹெவிவெயிட்டில் இன்னொரு கூத்து: 1980 ஒலிம்பிக் வரை 81 கிலோவுக்கு மேல் எல்லாமே ஒரே பிரிவு. 83 கிலோ ஆளும் 105 கிலோ ஆளும் ஒரே சீட்டில் வரலாம். தலையில் ஹெட்கார்டும் (தலைக்கவசம்) கிடையாது, ஒலிம்பிக்கில் அது 1984-இல்தான் வந்தது. ஒரே ஒரு குத்து நான்கு வருட உழைப்பை முடித்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் மூன்று ஒலிம்பிக், ஒன்றுகூடத் தோற்காமல். எதிராளிகளின் பெயர்ப் பட்டியலை விட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

#6 சும்மாபார்ப்பவன்

இது எனக்குத் தோன்றவே இல்லை. சரி, அரை பாயிண்ட் தருகிறேன்.

#7 மின்ஸ்க்ரயில்

புகழ்கிறவர்கள் எல்லோரும் ஒரு பெயரை வசதியாக மறந்துவிடுகிறீர்கள். இகோர் விசோட்ஸ்கி. சோவியத் ஆள். 1973-இல் ஹவானாவிலேயே ஸ்டீவன்சனைப் பாயிண்டில் வென்றார். 1976-இல், மாண்ட்ரியல் வருடத்திலேயே, மின்ஸ்கில் மூன்றாவது ரவுண்டில் அடித்து நிறுத்தினார். இரண்டுக்கு இரண்டு. ஒருமுறை கியூபாவின் வீட்டுக்குள்ளேயே போய் வென்றார், பாயிண்ட் போடுகிறவர்களைச் சாக்காகச் சொல்ல வழியில்லை.

அந்த விசோட்ஸ்கி எந்த ஒலிம்பிக்கிலும் ஆடியதில்லை. ஸ்டீவன்சன் மாண்ட்ரியலில் 7 நிமிடம் 22 நொடியில் மூன்று பேரை முடித்தது பற்றிப் பேசும்போது, மின்ஸ்கில் அவரை முடித்தவர் அங்கே இல்லை என்பதையும் பேச வேண்டும்.

#8 நீலமூலை

நியாயம். மறுக்க ஒன்றுமில்லை. அது ஒலிம்பிக் இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் நான் தயாரில்லை.

#9 வலதுகை

நான் மறுக்கிறேன், ஆனால் வேறு மாதிரி. விசோட்ஸ்கி ஏன் ஜெயித்தார் என்று பாருங்கள், ஸ்டீவன்சன் எப்படி ஆடினார் என்பது புரியும்.

ஸ்டீவன்சன் ஏறக்குறைய 196 செ.மீ. உயரம். முதுகை நிமிர்த்தி, தலையை உயரத்தில் வைத்து, இடது கையைத் தளர்வாக முன்னே நீட்டிக்கொண்டே நடப்பார். அந்த இடது கையை ஜாப் (முன்கையால் விடும் நேர்க் குத்து) என்று சொல்வதைவிட அளவுகோல் என்று சொல்லலாம். பாதிக் குத்துகள் வலிக்கவே வலிக்காது. எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான், எந்தப் பக்கம் நகர்கிறான் என்று அளந்துகொண்டே இருக்கும். அளவு சரியாக விழுந்ததும் வலது கை நேராக வரும். சுற்றி வளைத்து வராது, தோளிலிருந்து தாடை வரை ஒரே கோடு. அது வருவதைப் பார்க்கிறவனும் அசையமாட்டான், ஏனென்றால் ஒரு நொடி முன்புதான் இடது கை அவனை நிறுத்தி வைத்திருக்கும். கியூபாவின் தலைமைக் கோச் அல்சிதெஸ் சகாராவும், சோவியத்திலிருந்து வந்த ஆந்த்ரேய் செர்வோனென்கோவும் சேர்ந்து செதுக்கிய கை அது. கரீபியன் கால், சோவியத் ஒழுங்கு.

இந்த முறைக்குத் தூரம் வேண்டும். விசோட்ஸ்கி தூரத்தையே கொடுக்கவில்லை. தன்னைவிட நல்ல உயரமான ஆள் என்று தெரிந்தும் குத்தை வாங்கிக்கொண்டே உள்ளே போனார். உள்ளே போனால் அந்த நீளமான வலது கைக்கு மடங்க இடமில்லை. எல்லோரும் இதைச் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். உள்ளே போகிற வழியில் ஒன்று வாங்கியாக வேண்டும், அதை வாங்கியும் நிற்கிற தாடை வேண்டும். டேட்டுக்கு அது இல்லை.

#10 மின்ஸ்க்ரயில்

இதை ஒப்புக்கொள்கிறேன். மாஸ்கோ ஃபைனலும் இதே கதைதான். பியோத்தர் ஸயேவ், குட்டையான ஆள், குனிந்து குனிந்து உள்ளே வந்துகொண்டே இருந்தார். ஸ்டீவன்சனால் நாக் அவுட் செய்ய முடியவில்லை, 4-1 என்று பாயிண்டில்தான் முடிந்தது. அதற்கு முன் அரையிறுதியில் ஹங்கேரியின் இஷ்ட்வான் லேவாய் மூன்று ரவுண்டும் தாக்குப்பிடித்தார். ஒலிம்பிக்கில் ஸ்டீவன்சனிடம் முழு நேரமும் நின்ற முதல் ஆள் அவர்தான். ஜெயிக்க வந்த மாதிரியே தெரியவில்லை, நிற்க வந்தார், நின்றுவிட்டார்.

ஆக, மூன்றாவது ஒலிம்பிக்கில் வலது கை கொஞ்சம் மெதுவாகிவிட்டது என்பது என் எண்ணம். 28 வயது.

#11 சும்மாபார்ப்பவன்

இப்போது நான் கேட்க வந்த பெரிய கேள்வி. முகமது அலியோடு ஆடியிருந்தால்?

#12 மூன்றாவதுரவுண்டு

வந்துவிட்டதா! ஒவ்வொரு ஸ்டீவன்சன் இழையும் பன்னிரண்டாவது பதிவுக்குள் இங்கே வந்து நிற்கும்.

#13 நீலமூலை

பதில் எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, ஆகவே அதில் சண்டை வேண்டாம். ஆனால் ஒரு துணுக்கு. 1978-இல் அலி மாஸ்கோ போனபோது மூன்று சோவியத் அமெச்சூர்களோடு காட்சிச் சண்டை ஆடினார், ஆளுக்கு இரண்டு ரவுண்டு. அந்த மூவரில் ஒருவர் விசோட்ஸ்கி, இன்னொருவர் ஸயேவ். அதாவது ஸ்டீவன்சனை அடித்தவர் ஒருவர், இரண்டு வருடம் கழித்து ஃபைனலில் அவரை எதிர்த்தவர் ஒருவர். ஸ்டீவன்சனுக்குக் கிடைக்காத ரிங் அவருடைய எதிராளிகளுக்குக் கிடைத்தது. காட்சிச் சண்டைதான், அதை வைத்துக் கணக்கெல்லாம் போடாதீர்கள்.

#14 வெள்ளைத்துண்டு

புரொஃபஷனலுக்கு வரச் சொன்னபோது ஸ்டீவன்சன், ஒரு மில்லியன் டாலர் பெரிதா, எட்டு மில்லியன் கியூபர்களின் அன்பு பெரிதா என்று கேட்டாரே, அதை யாரும் எழுதவில்லையே? அதுதானே அவருடைய பெருமை.

#15 மின்ஸ்க்ரயில்

அந்த வாக்கியத்தைச் சுவரொட்டியில் ஒட்டுவதற்கு முன்னால் அவருக்கு முன்னால் என்ன வழி இருந்தது என்று பாருங்கள். கியூபாவில் 1962-இலேயே புரொஃபஷனல் குத்துச்சண்டைக்குத் தடை. அந்தக் காலத்தில் ஹோசே நாப்போலெஸ், சுகர் ராமோஸ் போன்றவர்கள் மெக்சிகோவுக்குப் போய் உலகச் சாம்பியன் ஆனார்கள். ஸ்டீவன்சன் அலியோடு ஆட வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. அம்மா, அப்பா, ஊர் எல்லாவற்றையும் விட்டுப் போக வேண்டும், திரும்பி வருகிற கதவு மூடிவிடும். பணமா அன்பா என்று கேட்டால் அழகாக இருக்கிறது. உள்ளே வேறு கேள்விதான் இருந்தது.

#16 வெள்ளைத்துண்டு

அவர் மனதார நம்பித்தான் சொன்னார் என்று நான் நினைக்கிறேன். எல்லாவற்றையும் அரசாங்கம் சொல்லிக்கொடுத்தது என்று எடுத்துக்கொள்வதும் ஒரு சோம்பேறித்தனம்தான்.

#17 மின்ஸ்க்ரயில்

நம்பவில்லை என்று நான் சொல்லவே இல்லையே. நம்பினார் என்பதும் வேறு வழி இல்லை என்பதும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம்.

#18 வலதுகை

அப்படிக் கியூபாவை விட்டுப் போன ஒருவரையும் பார்த்துவிடுவோம். ஓட்லானியர் சோலிஸ், 2004 ஏதென்ஸ் ஹெவிவெயிட் தங்கம், மூன்று உலகச் சாம்பியன்ஷிப். 2006 கடைசியில் வெனிசுவேலாவில் அணியை விட்டுக் கிளம்பினார். 2011-இல் கொலோனில் விட்டாலி கிளிட்ச்கோவோடு உலகப் பட்டத்துக்கு ஆடினார். முதல் ரவுண்டு முடிகிற நேரத்தில் விழுந்தார், முட்டி போய்விட்டது. அவ்வளவுதான். ஸ்டீவன்சனும் இப்படித்தான் ஆகியிருப்பார் என்று சொல்லவில்லை. புரொஃபஷனலுக்குப் போயிருந்தால் கண்டிப்பாகச் சாம்பியன் என்று எழுதுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

#19 சும்மாபார்ப்பவன்

சரி, அலியை விடுகிறேன். அமெச்சூர் கணக்கை மட்டும் வைத்தே கேட்கிறேன்: கியூபாவின் இன்னொரு ஹெவிவெயிட் ஃபெலிக்ஸ் சவோன் பெரியவரா இவரா? அவருக்கும் மூன்று ஒலிம்பிக் தங்கம், 1992, 1996, 2000. ஆனால் உலகச் சாம்பியன்ஷிப் ஆறு. ஸ்டீவன்சனுக்கு மூன்றுதான்: 1974 ஹவானா, 1978 பெல்கிரேட், 1986 ரீனோ.

#20 நீலமூலை

ஆறு மூன்றைவிடப் பெரிது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது சரிதான், ஆனால் இங்கே கொஞ்சம் பொறுங்கள். உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கியதே 1974-இல். அப்போது நான்கு வருடத்துக்கு ஒருமுறை. 1974, 78, 82, 86 என்று நான்கு முறை நடந்தது, ஸ்டீவன்சன் மூன்றில் ஜெயித்தார். 1989 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆக்கினார்கள். சவோனுக்கு 1986 முதல் 1999 வரை ஏழு வாய்ப்பு. ஏழில் ஆறு, நான்கில் மூன்று. இப்போது சொல்லுங்கள்.

அந்த ஆறிலும் ஒன்றில் ஒரு முடிச்சு உண்டு. 1997 புடாபெஸ்ட் ஃபைனலில் உஸ்பெகிஸ்தானின் ருஸ்லான் சாகாயெவ் சவோனை வென்றுவிட்டார். பிறகு சாகாயெவ் ஏற்கெனவே புரொஃபஷனலில் ஆடியவர் என்று சொல்லித் தங்கத்தைப் பிடுங்கி சவோனிடம் கொடுத்தார்கள். 1999 ஹூஸ்டனில் இதற்கு நேர் எதிர். இன்னொரு எடைப்பிரிவில் வந்த தீர்ப்பை எதிர்த்துக் கியூபா மொத்த அணியையும் விலக்கிக்கொண்டது, சவோன் ஃபைனல் ஆடவே இல்லை, அமெரிக்காவின் மைக்கேல் பென்னட்டுக்கு ஆடாமலே தங்கம். அடுத்த வருடம் சிட்னி காலிறுதியில் பென்னட் எதிரே வந்தார். சவோன் 15 பாயிண்ட் வித்தியாசம் போட்டு, சண்டையைப் பாதியிலேயே நிறுத்த வைத்தார்.

#21 மூன்றாவதுரவுண்டு

இருவரையும் எண்ணிக்கையில் ஒப்பிடுவதே கஷ்டம். ஆட்டம் மாறிவிட்டது. 1988 சியோல் ஃபைனலில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் தோற்றதாக நீதிபதிகள் சொன்ன அநியாயத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் பாயிண்ட் வந்தது. நீதிபதிகள் ஒரே நேரத்தில் பட்டன் அழுத்தினால்தான் குத்து கணக்கில் சேரும். சவோனின் ஃபைனல்களைப் பாருங்கள்: 1992-இல் டேவிட் இசோன்ரிடேயை 14-1, 1996-இல் டேவிட் டிஃபியாக்பானை 20-2, 2000-இல் சுல்தான் இப்ராகிமோவை 21-13. இது தொட்டுவிட்டு விலகுகிற ஆட்டம். இப்ராகிமோவ் பிறகு டபிள்யூ.பி.ஓ. (இன்னொரு புரொஃபஷனல் அமைப்பு) சாம்பியன் ஆனார், அது சவோனுக்குப் பெருமை. ஆனால் சவோன் ஆடியது ஹெட்கார்டோடு, 91 கிலோ வரம்புக்குள். ஸ்டீவன்சனுக்கு மேல் வரம்பே இல்லை. பெரிய உருவங்கள் சவோன் காலத்தில் சூப்பர் ஹெவிவெயிட்டுக்குப் போய்விட்டன.

என் ஓட்டு ஸ்டீவன்சனுக்கு. பாசம் கலந்த ஓட்டு, ஒப்புக்கொள்கிறேன்.

#22 மின்ஸ்க்ரயில்

ரீனோவை எல்லோரும் தாண்டிப்போகிறீர்கள். 1986 மே, அமெரிக்காவின் நெவாடா. அதே வாரத்தில், அதே அணியில், 18 வயது சவோன் ஹெவிவெயிட்டில் தன் முதல் உலகத் தங்கத்தை வாங்குகிறார். 34 வயது ஸ்டீவன்சன் சூப்பர் ஹெவிவெயிட் ஃபைனலில் அமெரிக்காவின் அலெக்ஸ் கார்சியாவை முடித்துத் தன் கடைசி உலகத் தங்கத்தை வாங்குகிறார். அதற்கு நான்கு வருடம் முன்பு 1982 மியூனிக்கில் இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ டமியானியிடம் தோற்றபோதே இவர் கதை முடிந்தது என்றுதான் எழுதினார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸுக்குக் கியூபா போகவில்லை. அங்கே தங்கம் வாங்கிய டைரல் பிக்ஸை அதே வருடம் ஸ்டீவன்சன் வென்றிருந்தார். நான்காவது தங்கம் கிடைத்திருக்குமா என்று தெரியாது. ஆனால் போட்டியில் இருந்திருப்பார் என்பதற்கு ரீனோ சாட்சி.

விசோட்ஸ்கி பெயரைச் சொல்லி ஆரம்பித்தவன் நான்தான். இருந்தாலும் எனக்குப் பிடித்த ஸ்டீவன்சன் ரீனோ ஸ்டீவன்சன்தான். மெதுவானவர், மூச்சு வாங்குகிறவர், ஆனால் எப்போது குத்த வேண்டும் என்று மட்டும் மறக்காதவர்.

#23 வெள்ளைத்துண்டு

ஒரு வேடிக்கை பாருங்கள். 1988 சியோலுக்கும் கியூபா போகவில்லை, அதனால் சவோன் இல்லை. அங்கே ஹெவிவெயிட் தங்கம் ரே மெர்சருக்கு. ஸ்டீவன்சனை வென்ற டமியானி 1989-இல் டபிள்யூ.பி.ஓ.வின் முதல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1991-இல் அந்தப் பட்டத்தை அவரிடமிருந்து பறித்தவர் யார்? அதே மெர்சர். ஒரு கியூபரை வென்றவரை, இன்னொரு கியூபர் வராத இடத்தில் தங்கம் வாங்கியவர் வென்றார்.

#24 வலதுகை

இதை மூன்று முறை படித்தேன், தலை சுற்றுகிறது. ஆனால் சரிதான்.

#25 சும்மாபார்ப்பவன்

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். யாரை அடித்தார் என்ற கேள்விக்குப் பாபிக், டேட், பிக்ஸ் மூவரும் போதும். மாஸ்கோ தங்கத்துக்கு நான் இன்னும் முழு மார்க் தரமாட்டேன், அமெரிக்கா இல்லாத ஒலிம்பிக் அது. விசோட்ஸ்கியைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாமல் இருந்தது, அதற்காகவே இந்த இழை போட்டது நல்லதாகப் போயிற்று.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இப்போது கியூபா புரொஃபஷனலை அனுமதித்துவிட்டதாமே?

#26 நீலமூலை

ஆமாம், 2022-இல். அந்த வருடம் மே மாதம் மெக்சிகோவின் அகுவாஸ்காலியென்டெஸில் கியூப அணி வீரர்கள் முறைப்படி புரொஃபஷனலாக ஆடினார்கள், ஹூலியோ சேசர் லா க்ரூஸ் உட்பட. அவர் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஹெவிவெயிட் தங்கம் வாங்கியவர். ஸ்டீவன்சன் அதற்குப் பத்து வருடம் முன்பே, 2012 ஜூனில், ஹவானாவில் மாரடைப்பில் போய்விட்டார், 60 வயது.

லா க்ரூஸ் 2024 பாரிஸில் முதல் சண்டையிலேயே 3-2 என்று தோற்றார். தோற்கடித்தவர் அஜர்பைஜானுக்காக ஆடிய லோரன் அல்ஃபோன்சோ. அவர் பிறந்ததும் கியூபாவில்தான்.

#27 மின்ஸ்க்ரயில்

மாஸ்கோ ஃபைனல் 4-1 என்று மேலே எழுதினேன். வீடியோவை இப்போது மறுபடி பார்த்தேன். அந்த ஒரு நீதிபதியோடு நானும் ஸயேவ் பக்கம் சாய்கிறேன். ஸயேவ் ரசிகர்கள் யாராவது இருந்தால் வாருங்கள், தனி இழை போடலாம்.

#28 மூன்றாவதுரவுண்டு

போடுங்கள், நான் எதிர்ப்பக்கம்.